நட்சத்திரக் கணக்கில் விடுபட்டவர்கள்: 247ஸ்போர்ட்ஸ் ஆட்டக்காரர் மதிப்பீட்டுச் சேவை – ஒரு மதிப்புரை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைத் தொடர்ந்து பார்க்கும் ரசிகர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. ஆட்டப் பருவம் தொடங்கப் பல மாதங்கள் இருக்கும்போதே, இன்னும் கல்லூரி வாசலை மிதிக்காத பதினேழு, பதினெட்டு வயது இளைஞர்களின் பெயர், ஊர், உயரம், எடை, அவர்களுக்குத் தரப்பட்ட நட்சத்திரங்கள் ஆகியவற்றை மனப்பாடமாகச் சொல்லுவார்கள். (இங்கே கால்பந்து என்பது தலைக்கவசம் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்க ஆட்டத்தைக் குறிக்கிறது.) இந்தப் பழக்கத்தைத் தொழிலாக வளர்த்த நிறுவனங்களுள் முக்கியமானது 247ஸ்போர்ட்ஸ். முன்னதாக இதே தொழிலில் உள்ள ரைவல்ஸ் நிறுவனத்தை நடத்திய ஷானன் டெரி இதை 2010இல் தொடங்கினார். 2015இல் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் இதை வாங்கியது. டெரி பிறகு 2021இல் ஆன்3 என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். ஆக, இத்துறையின் பெரிய கடைகள் பலவற்றின் பின்னாலும் நின்றவர் ஒருவரே. இந்த மதிப்புரை 247ஸ்போர்ட்ஸின் மதிப்பீட்டுச் சேவையைப் பற்றியது. அதை ஒரே ஓர் உரைகல்லில் தேய்த்துப் பார்க்க முயன்றிருக்கிறேன்: சேர்ந்த கல்லூரியில் எதிர்பார்ப்பை மீறி ஆடியவர்களைப் பற்றி இந்தச் சேவை முன்கூட்டி என்ன சொன்னது, அல்லது என்ன சொல்லாமல் விட்டது?

முதலில் சேவையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முகாம்களிலும் பள்ளி ஆட்டங்களிலும் நேரில் பார்த்தும், ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்தும் மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் தருகிறார்கள். 98க்கும் அதற்கு மேலும் பெற்றவர் ஐந்து நட்சத்திரம், 90 முதல் 97 வரை நான்கு, 80 முதல் 89 வரை மூன்று, அதற்குக் கீழே இரண்டு. ஐந்து நட்சத்திரம் பெறுபவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 32 பேர். தொழில்முறை அமைப்பான என்எஃப்எல் நடத்தும் டிராஃப்டின் (அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதே அந்த எண்ணுக்குக் காரணம். அதாவது, "இவர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் முதல் சுற்றில் எடுக்கப்படுவார்கள்" என்பதே அந்த ஐந்து நட்சத்திரத்தின் பொருள். இதற்கு மேல், பிற நிறுவனங்களின் மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிடப்படும் கூட்டு மதிப்பீடு ஒன்றும் உண்டு. செய்தித்தாள்களும் தொலைக்காட்சி வர்ணனையாளர்களும் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். எந்த மாணவர் எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பார் என்று மதிப்பீட்டாளர்கள் ஊகம் பதிவு செய்யும் 'கிறிஸ்டல் பால்' என்ற பகுதியும் இருக்கிறது. அது பொழுதுபோக்கு, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நிறுவனம் விளம்பரப்படுத்தும் பகுதிகள் எதுவுமன்று. பழைய ஆண்டுகளின் சேர்க்கைப் பட்டியல்களை அது அழிக்காமல் வைத்திருப்பதே அதன் தலைசிறந்த அம்சம் என்பேன். ஒரு கல்லூரியின் பக்கத்துக்குப் போய், பத்து ஆண்டுகளுக்கு முந்தைய சேர்க்கையைத் திறந்தால், அன்று கையெழுத்திட்ட இருபத்தைந்து பேரும் அன்றைய மதிப்பெண் வரிசையிலேயே நிற்கிறார்கள். பின்னால் யார் விருது வாங்கினார், யார் இரண்டே ஆண்டில் விலகிப் போனார் என்பதை வைத்து அந்த எண்கள் திருத்தப்படுவதில்லை. சொன்ன கணிப்பு பொய்த்த பின்னும் அதை ஊரறியத் தொங்கவிட்டு வைத்திருக்கும் துணிவு பங்குச் சந்தை ஆலோசகர்களிடம்கூட அரிது. கட்டணம் கட்டாமலே இதைப் பார்க்கலாம் என்பது கூடுதல் வசதி.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நாட்டின் முன்னணிச் சேர்க்கைகளில் ஒன்றாக அது மதிப்பிடப்பட்டது. ஜேக் ஃப்ரோம் என்ற புகழ்பெற்ற குவாட்டர்பேக் (பந்தை வீசி, அணியின் தாக்குதலை நடத்துபவர்) அதில் இருக்கிறார். அதே ஆண்டு, பிளாக்ஷியர் என்ற சிற்றூரிலிருந்து ஸ்டெட்சன் பென்னட் என்ற குள்ளமான குவாட்டர்பேக்கும் அங்கே சேர்ந்தார். ஆனால் அவர் வாக்-ஆன். அதாவது, உதவித்தொகை இல்லாமல் சொந்தச் செலவில் படித்துக்கொண்டு அணியில் இடம் கேட்டவர். அப்படிப்பட்டவர்கள் கையெழுத்துப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. முகாம்களுக்கு அஞ்சல் துறைத் தொப்பி அணிந்து போனதால் 'மெயில்மேன்' என்ற பட்டப்பெயர் மட்டும் அவருக்கு இருந்தது. 2018ஆம் ஆண்டுப் பட்டியலில், கூட்டு மதிப்பீட்டில் நாட்டிலேயே இரண்டாம் இடம் பெற்ற குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் ஜார்ஜியாவுக்கு வந்தார். பென்னட் மிசிசிப்பியில் உள்ள ஜோன்ஸ் என்ற இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போய் ஓராண்டு ஆடிவிட்டு, 2019இல் உதவித்தொகையுடன் திரும்பினார். அதற்குள் ஃபீல்ட்ஸ் ஒஹாயோ ஸ்டேட் போய்விட்டார். ஃப்ரோம் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். அடுத்து யூஎஸ்சி பல்கலைக்கழகத்திலிருந்து ஜே.டி. டேனியல்ஸ் வந்தார், அவரும் ஐந்து நட்சத்திரக் குவாட்டர்பேக்.

2021 பருவத்தை ஜார்ஜியாவுக்காகத் தொடங்கியவர் டேனியல்ஸ்தான். அவருக்குக் காயம் ஏற்பட, யூஏபி அணிக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் பென்னட் இறங்கி ஐந்து டச்டவுன் பாஸ்களை (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் வீச்சுகளை) வீசினார். அப்போதும் நம்பிக்கை வரவில்லை. டிசம்பரில் நடந்த, எஸ்இசி என்ற வட்டாரக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் அலபாமாவிடம் 41–24 என்று தோற்றதும், டேனியல்ஸை மீண்டும் இறக்க வேண்டும் என்று ரசிகர்களில் பெரும் பகுதியினர் கூச்சலிட்டனர். 2022 ஜனவரி 10 அன்று அதே அலபாமாவை 33–18 என்று வென்று, 1980க்குப் பிறகு ஜார்ஜியாவுக்கு முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றுத் தந்தார் பென்னட். அடுத்த பருவத்தில் 4,127 யார்டு பாஸ் வீசி, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதின் இறுதி நால்வரில் ஒருவராக வந்து, 2023 ஜனவரி 9 அன்று டிசியூ அணியை 65–7 என்று நொறுக்கி இரண்டாவது பட்டத்தையும் வாங்கினார். இந்தக் கதையைப் படித்தவுடன் "நட்சத்திரங்கள் வீண்" என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் பென்னட்டைச் சுற்றி நின்ற பத்துப் பேரையும், எதிரணியை நகரவிடாமல் தடுத்த தற்காப்பு வரிசையையும் அதே சேர்க்கைப் பட்டியல்களில் தேடினால், நான்கும் ஐந்துமாக நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கின்றன. சேவை அணியைச் சரியாகக் கணித்தது. அந்த அணியை யார் நடத்துவார் என்பதைத்தான் தவறவிட்டது.

இதைவிட நுட்பமான இன்னொரு வகைப் பிழையும் உண்டு, அதற்கு அலபாமாவின் 2017ஆம் ஆண்டுப் பட்டியல் நல்ல எடுத்துக்காட்டு. பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் ஜெரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், டிவான்டா ஸ்மித் ஆகிய மூவரும் அதே ஆண்டு அங்கே வந்தார்கள். ஐந்து நட்சத்திரம் ஜூடிக்கு; லூசியானாவின் அமீட் என்ற சிற்றூரிலிருந்து வந்த, ஒல்லியான உடல்வாகு கொண்ட ஸ்மித்துக்கு நான்கு. 2018 ஜனவரியில் ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் 41 யார்டு பாஸைப் பிடித்துப் பட்டத்தை வென்றவர் ஸ்மித் என்றாலும், ஒரு கேட்ச் ஒருவரின் தரத்தைத் தீர்மானிக்காது. 2020 டிராஃப்டில் ரக்ஸ் 12ஆவதாகவும் ஜூடி 15ஆவதாகவும் முதல் சுற்றில் எடுக்கப்பட்டார்கள். ஸ்மித் மட்டும் நான்காம் ஆண்டுக்குத் தங்கிவிட்டார். அந்த ஆண்டில் 117 கேட்ச், 1,856 யார்டு, 23 டச்டவுன். 1991இல் டெஸ்மண்ட் ஹோவர்டுக்குப் பிறகு ஹைஸ்மன் பெற்ற முதல் ரிசீவர் அவரே. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் முதல் பாதியிலேயே 215 யார்டும் மூன்று டச்டவுனும் எடுத்தார். நான்கு நட்சத்திரம் என்பது தாழ்ந்த மதிப்பீடு அன்று. நாட்டின் முதல் சில நூறு பேரில் ஒருவர் என்று அதற்குப் பொருள். ஆயினும் ஒரே கல்லூரியில், ஒரே ஆண்டில், ஒரே இடத்துக்கு வந்தவர்களுள் யார் மேலே போவார் என்பதைச் சொல்ல அந்த எண்ணுக்கு வலுவில்லை. 97க்கும் 98க்கும் இடையிலான ஒரு புள்ளி வித்தியாசத்தை வைத்து வாதிடும் ரசிகர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை, மதிப்பீட்டாளர்களின் கண்ணில் படாமலே போனவர்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொழில் முழுதும் நடக்கிறது. ஆனால் முளையைப் பார்க்க யாராவது அந்த வயலுக்குப் போயிருக்க வேண்டுமே. ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸைச் சேர்ந்த கலீல் மேக், முழங்கால் காயத்தால் கூடைப்பந்தை இழந்து, பள்ளியின் கடைசிக் காலத்தில்தான் கால்பந்துக்கு வந்தார். இரண்டு நட்சத்திரத்துடன் பஃபலோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போதைய கல்லூரிக் கால்பந்து வீடியோ கேமில் தமக்குத் தரப்பட்ட மதிப்பெண் 46 என்பதால், அதையே சட்டை எண்ணாக அணிந்து ஆடினார். (மதிப்பெண் கொடுப்பவர்கள் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய சட்டை அது.) 2013 பருவத்தின் முதல் ஆட்டத்தில், பெரும் பல்கலைக்கழகமான ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக 2.5 சாக் (எதிரணிக் குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது), 45 யார்டு ஓடி டச்டவுனாக்கிய ஓர் இன்டர்செப்ஷன் (எதிரணி வீசிய பந்தை இடையில் பறிப்பது) என்று ஆடிய பிறகே நாடு அவரைக் கவனித்தது. 2014 டிராஃப்டில் ஐந்தாவதாக எடுக்கப்பட்டார். டெக்சஸின் வெஸ்ட் கொலம்பியாவிலிருந்து வந்த கேம் வார்டின் கதையும் இதே ரகம். அவருடைய பள்ளி அணி பந்தை வீசுவதைவிட ஓடுவதையே நம்பிய 'விங்-டி' முறையில் ஆடியது. ஆகவே குவாட்டர்பேக்கின் கை வலிமையைப் பார்க்க யாருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒரு நட்சத்திரமும் இல்லாமல் இன்கார்னேட் வேர்டு என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட் வழியாக மயாமிக்கு வந்து, 2024இல் 39 டச்டவுன் பாஸ் வீசி, 2025 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

இந்தப் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தவறு எங்கே நேர்கிறது என்பது புலப்படுகிறது. சிறிய ஊர், தாமதமாக ஆட்டத்துக்கு வந்தவர், வேறு ஆட்டத்திலிருந்து மாறியவர், திறமையை மறைக்கும் ஆட்ட முறை, பெரிய முகாம்களுக்குப் போகப் பணமோ வழியோ இல்லாதவர்: இந்த இடங்களில் மதிப்பீட்டாளர்களுக்கு ஆதாரம் குறைவு. ஆதாரம் குறைவாக இருப்பதை ஒரு குறியால் காட்டியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும். ஆனால் சேவை, நன்கு ஆராய்ந்து "சாதாரணம்" என்று முடிவுசெய்யப்பட்டவருக்கும், யாரும் சரியாகப் பார்க்காதவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தருகிறது. என் பார்வையில் இதுவே இச்சேவையின் மிகப் பெரிய குறை.

இன்னொரு குறை, மதிப்பெண்ணும் அழைப்பும் ஒன்றை ஒன்று வளர்ப்பது. அலபாமாவோ ஜார்ஜியாவோ ஒரு மாணவருக்கு உதவித்தொகை தர முன்வந்தால், அந்த அழைப்பே அவருடைய தரத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டு மதிப்பெண் ஏறுகிறது. இதைக் குற்றமாக மட்டும் பார்க்க முடியாது. பயிற்சியாளர்கள் நேரில் பார்த்து முடிவெடுக்கிறார்கள், அவர்களுடைய முடிவில் தகவல் இருக்கிறது. ஆனால் அதன் விளைவாக, பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாத ஊர்களின் மாணவர்கள் இரண்டு முறை தண்டிக்கப்படுகிறார்கள்.

பேக்கர் மேஃபீல்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரையை எழுத முடியாது. ஆஸ்டின் பகுதியில் லேக் டிராவிஸ் பள்ளியுடன் மாநிலப் பட்டம் வென்றவர், டெக்சஸ் டெக்கில் வாக்-ஆனாகச் சேர்ந்து, 2013இல் முதல் ஆட்டத்திலேயே தொடக்கக் குவாட்டர்பேக்காக இறங்கினார். பிறகு ஓக்லஹோமாவுக்குப் போய் அங்கேயும் வாக்-ஆனாக மீண்டும் கடைசி வரிசையிலிருந்து தொடங்கினார். 2017இல் ஹைஸ்மன், 2018 டிராஃப்டில் முதல் இடம். மிகச் சிறந்த வாக்-ஆன் ஆட்டக்காரருக்காக 2010இலிருந்து வழங்கப்படும் பர்ல்ஸ்வொர்த் விருதை 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றார். ஆர்கன்சாவில் வாக்-ஆனாகத் தொடங்கி, நாட்டின் சிறந்த தாக்குதல் வரிசை ஆட்டக்காரர்களுள் ஒருவராக உயர்ந்து, 1999இல் டிராஃப்டில் எடுக்கப்பட்ட பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்த பிராண்டன் பர்ல்ஸ்வொர்த்தின் பெயரால் அமைந்தது அந்த விருது. கிளெம்சனின் ஹன்டர் ரென்ஃப்ரோவும் பென்னட்டும் அதே விருதைப் பின்னால் வாங்கினார்கள். 2017 ஜனவரி 9 அன்று அலபாமாவுக்கு எதிராக ஒரே ஒரு வினாடி மிச்சமிருக்கையில் 35–31 என்று பட்டத்தை வென்ற கேட்ச் ரென்ஃப்ரோவுடையது. அவரும் வாக்-ஆனாகவே கிளெம்சனுக்கு வந்தவர்.

ஜோ பர்ரோ இவர்களிலிருந்து சற்று வேறுபட்டவர். மதிப்பீட்டின் முன்வரிசையில் இல்லாவிட்டாலும் அறியப்படாதவரும் அல்லர். ஒஹாயோ ஸ்டேட்டில் ஒரு முறைகூடத் தொடக்கக் குவாட்டர்பேக்காக இறங்காமல், 2018இல் எல்எஸ்யூ பல்கலைக்கழகத்துக்கு மாறினார். முதல் ஆண்டில் 16 டச்டவுன் பாஸ் என்ற சுமாரான கணக்கு. அடுத்த ஆண்டு 60 டச்டவுன், 5,671 யார்டு, 15–0 என்ற தோல்வியற்ற பருவம். அவரைப் பொறுத்தவரை உயர்நிலைப் பள்ளிக் காலத்து எண் மட்டுமன்று, கல்லூரியில் அவருடைய முதல் நான்கு ஆண்டுகளும் அந்த 2019ஐ முன்னறிவிக்கவில்லை. 2018இல், கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு கல்லூரி மாறுபவர்களுக்கும் 247ஸ்போர்ட்ஸ் புதிதாக எண் தருகிறது. அந்த இரண்டாம் மதிப்பீட்டுக்குக் கல்லூரி ஆட்டங்களே ஆதாரமாக இருப்பதால், முதல் மதிப்பீட்டைவிட நான் அதை அதிகம் நம்புவேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சேவையின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஐந்து நட்சத்திரக்காரர்கள் ஆண்டுக்கு முப்பத்துச் சொச்சம். மூன்று நட்சத்திரக்காரர்கள் ஆயிரக்கணக்கில். ஆயிரக்கணக்கானோரில் சிலர் எகிறிப் போவது இயல்பே, அவர்களுடைய பெயரே நமக்கு நினைவில் நிற்கிறது. மற்றவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை. விகிதமாகப் பார்த்தால் நட்சத்திரம் கூடக்கூட டிராஃப்டில் எடுக்கப்படும் வாய்ப்பும் தெளிவாகக் கூடுகிறது. பட் எலியட் என்ற எழுத்தாளர் வகுத்த 'புளூ-சிப்' விகிதம் இதையே அணி அளவில் சொன்னது: நான்கு ஆண்டுச் சேர்க்கைகளில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்களாக உள்ள கல்லூரிகளே தேசியப் பட்டம் வெல்கின்றன என்பது அவருடைய கணக்கு, பல ஆண்டுகள் அது பிசகவே இல்லை. 2025 பருவத்தில் இந்தியானா அதை உடைத்தது. அந்த அணியின் குவாட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசா, பள்ளி நாள்களில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக ஒப்புக்கொண்டு, பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கிருந்து இந்தியானாவுக்கு மாறி ஹைஸ்மன் வென்றவர். ஒரு பருவம் விதியைக் கவிழ்த்துவிடாது. ஆனால் போர்ட்டல் வழியாக இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது ஆட்டக்காரர்களைத் திரட்டி அணி கட்டும் காலத்தில், பதினெட்டு வயது மதிப்பெண்ணின் எடை குறைகிறது என்றே நினைக்கிறேன்.

கட்டணப் பகுதியைப் பற்றிச் சுருக்கமாக: மாதக் கட்டணம் உண்டு. அந்தப் பணத்துக்குக் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட கல்லூரியைச் சுற்றிய உள்செய்திகளும் ரசிகர்களின் உரையாடலும்தான். மதிப்பெண்களும் பழைய பட்டியல்களும் இலவசம். ஒரே அணியின் செய்தியைத் தினமும் காலையில் தேடுபவருக்கு அது பொருத்தமான செலவு. ஆட்டத்தைப் பொதுவாக அறிந்துகொள்ள விரும்பும் நம் வாசகருக்கு இலவசப் பகுதியே தாராளம். புதிதாக வருபவர் இவ்வாண்டின் பட்டியலிலிருந்து தொடங்காமல், பழைய பட்டியல் ஒன்றை எடுத்து, அதில் இருப்பவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்தால், இந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

நிறுவனத்திடம் ஒரு கோரிக்கையும் உண்டு. வாக்-ஆன்களையும் அந்தந்த ஆண்டின் சேர்க்கைப் பட்டியலில், மதிப்பெண் இல்லாவிட்டாலும், பெயரளவிலாவது சேர்க்க வேண்டும். முன்பு கால்பந்து அணிக்கு 85 உதவித்தொகை என்ற வரம்பு மட்டுமே இருந்தது, அதற்கு மேல் வாக்-ஆன்களை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நூற்றிருபது பேருக்கு மேல் கொண்ட அணிகள் சாதாரணம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, கல்லூரி ஆட்டக்காரர்களின் ஊதியம் பற்றிய 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்தின்படி, அதில் இணையும் கல்லூரிகளில் மொத்த அணியே 105 பேர்தான். ஏற்கனவே அணியில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதவித்தொகை கிடைப்பவர்களின் எண்ணிக்கை இதனால் கூடலாம். ஆனால் பென்னட்டும் ரென்ஃப்ரோவும் நுழைந்த வாசல் குறுகுகிறது. இனி எத்தனை பேர் அந்த வழியாக வருகிறார்கள், எங்கே வருகிறார்கள், எத்தனை ஆண்டு நிற்கிறார்கள் என்பதற்குப் பொதுவில் ஒரு பதிவு தேவை; அதைத் தொகுக்கும் வசதியும் ஆள்பலமும் இந்த நிறுவனத்திடம் ஏற்கனவே இருக்கின்றன.